நன்றாக இருக்கும்போதே எல்பிஏ எழுதி வைக்க வேண்டுமா? அப்பா காது கொடுத்தே கேட்கிறார் இல்லை

ஹரோ_மூத்தவன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இங்கிலாந்தில் பெற்றோருக்கு எல்பிஏ, அதாவது லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டோர்னி (தங்களால் முடிவெடுக்க முடியாமல் போனால் தங்களுக்காக முடிவெடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), செய்து முடித்தவர்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கோ.

அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68. அப்பாவுக்கு சீனியும் பிரஷரும் உண்டு, மற்றபடி இருவருமே நல்ல சுகம். அப்பா இன்றும் தானே கார் ஓடிக் கடைக்குப் போகிறார், வங்கிக் கணக்கெல்லாம் அவர் கையில்தான். இந்தப் பேச்சை எடுத்தாலே "நான் இன்னும் சாகவில்லை" என்று எழும்பிப் போய்விடுகிறார். "மூன்று பிள்ளைகள் இருக்கிறீர்கள், பிறகென்ன கடதாசி" என்பது அம்மாவின் கட்சி. தங்கையோ இதெல்லாம் பெரிய பணக்காரருக்குத்தான் என்கிறாள்.

எங்களிடம் இருப்பது ஒரு வீடு (மோர்ட்கேஜ் முடிந்தது, இருவர் பெயரிலும் இருக்கிறது), கொஞ்சம் சேமிப்பு, ஊரில் ஒரு காணி. உயில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அது போதாதா? வருத்தம் வரும்போது பார்த்துக்கொண்டால் என்ன?

பழைய_ஈலிங்

பிள்ளைகள் இருந்தால் போதும் தம்பி. எங்கள் தாய் தகப்பன் எந்தப் பத்திரத்தை எழுதி வைத்துவிட்டா போய்ச் சேர்ந்தார்கள்? சொலிசிட்டர்மார் காசு பார்க்க ஒரு வழி, அவ்வளவுதான்.

குறொய்டன்_அக்கா

ஈலிங் அண்ணை, ஊரில் வங்கி மனேஜர் எங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார், டொக்டரும் தெரிந்தவராக இருப்பார், அலுவல் நடந்துவிடும். இங்கே அப்படி இல்லை. முதியோர் பராமரிப்பில் கன காலம் வேலை செய்கிறேன். "பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்ற நம்பிக்கையில் இருந்த குடும்பங்கள்தான் அதிகம் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உயில் பற்றி. நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் உயில் பேசத் தொடங்கும். எல்பிஏ நீங்கள் உயிரோடு இருக்கும்வரைதான், இறந்த நிமிடத்தோடு அது முடிந்துவிடும். அப்பா உயிரோடு இருக்கிறார், ஆனால் முடிவெடுக்க முடியாமல் கிடக்கிறார் என்ற நிலைமைக்கு உயிலில் ஒரு வரிகூட உதவாது.

அடுத்தது இந்த "நெக்ஸ்ட் ஒஃப் கின்", அதாவது நெருங்கிய உறவினர். ஆஸ்பத்திரிப் படிவத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டால் அதிகாரம் வந்துவிட்டது என்று கனபேர் நினைக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் வயது வந்த ஒருவருக்காக முடிவெடுக்கும் உரிமை அவருடைய மனைவிக்கோ பிள்ளைக்கோ தானாக வராது. யாருக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பார்க்கத்தான் அந்தப் பெயர். சிகிச்சை என்றால் டொக்டர் உங்களிடம் கருத்துக் கேட்பார், கேட்கவும் வேண்டும். ஆனால் நோயாளியின் நன்மைக்கு எது சரி என்று கடைசியாகத் தீர்மானிப்பது அவர்தான்.

மூன்றாவது காசு. ஒரு குடும்பத்தை எனக்கு நேரில் தெரியும், அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். ஐயாவுக்கு ஸ்ட்ரோக். முதல் நாள் இரவு வரைக்கும் நன்றாக இருந்தவர். கரண்ட் பில், கவுன்சில் டாக்ஸ், ஓய்வூதியம் வரும் கணக்கு, ஐசா சேமிப்பு எல்லாம் அவர் பெயரில். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவி வங்கிக்குப் போனால், "அவருடைய கணக்கைப் பற்றி உங்களோடு கதைக்க முடியாது" என்றுதான் பதில். வங்கியைத் திட்டியும் பயனில்லை, சட்டம் அப்படி. கூட்டுக் கணக்கு இருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் போய்விட்டது என்று தெரிந்தால், அன்றாடச் செலவுக்கு மட்டும் விட்டு மற்றதை வங்கி நிறுத்தி வைக்கலாம்.

அதன் பிறகு இருக்கும் வழி கோர்ட் ஒஃப் புரொடெக்ஷன், முடிவெடுக்க முடியாதவர்களின் அலுவலைப் பார்க்கும் நீதிமன்றம். "டெபியூட்டி", அதாவது அவருக்காக முடிவெடுக்கும் ஆள், ஆக நியமிக்கச் சொல்லி விண்ணப்பம் போட வேண்டும். மாதக்கணக்கில் இழுபடும். விண்ணப்பக் கட்டணம், டொக்டரின் மதிப்பீடு, நியமித்த பிறகு பிணைக் காப்புறுதி, வருடா வருடம் கணக்கு அறிக்கை, பொதுவான மேற்பார்வை என்றால் அதற்கு வருடம் 320 பவுண். இதெல்லாம் அப்பாவின் காசில் இருந்துதான் போகும். இதுவும் சொத்து விஷயத்துக்கு மட்டும். உடல்நலம், பராமரிப்பு விஷயத்தில் டெபியூட்டி நியமிப்பதற்குக் கோர்ட் லேசில் சம்மதிக்காது.

உங்கள் தங்கைக்குச் சொல்லுங்கோ: பெரிய பணக்காரரிடம் கோர்ட்டுக்குப் போகக் காசு இருக்கும். ஒரு வீடும் ஒரு கணக்கும் மட்டும் உள்ளவர்கள்தான் இடையில் கிடந்து நசிபடுவது.

ஹரோ_மூத்தவன்

நன்றி அக்கா. நெக்ஸ்ட் ஒஃப் கின் விஷயம் உண்மையிலேயே எனக்குத் தெரியாது. ஒரு சந்தேகம். ஸ்ட்ரோக் திடீரென்று வருவது, விளங்குகிறது. மறதி நோய் மெதுவாகத்தானே வரும்? அறிகுறி தெரிந்ததும் செய்தால் காணாதா? அப்படிச் சொன்னால் அப்பாவும் ஒருவேளை சம்மதிப்பார்.

ஓய்வுபெற்ற_ஜிபி

தம்பி, இதில் ஒரு உண்மையும் ஒரு பொறியும் சேர்ந்தே இருக்கின்றன.

உண்மை: டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று டொக்டர் எழுதிய அன்றே கதவு மூடப்படுவதில்லை. 2005ஆம் ஆண்டின் மென்டல் கபாசிட்டி (முடிவெடுக்கும் திறன்) சட்டம் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட முடிவை, குறிப்பிட்ட நேரத்தில் எடுக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. நான்கு விஷயம்: சொல்வதைப் புரிந்துகொள்வது, முடிவெடுக்கும் வரைக்கும் அதை மனதில் வைத்திருப்பது, நல்லது கெட்டதை எடைபோடுவது, முடிவை எப்படியாவது தெரிவிப்பது. தெரிவிப்பது வாயால்தான் என்றில்லை, கையசைவும் போதும். ஆரம்ப நிலையில் உள்ள எத்தனையோ பேர் முறைப்படி எல்பிஏ எழுதியிருக்கிறார்கள். அதனால் இதை வாசிக்கும் யாருடைய வீட்டிலாவது நோய் என்று சொல்லியாகிவிட்டது என்றால் கைவிடாதீர்கள், இந்த வாரமே தொடங்குங்கள்.

பொறி: மெதுவாக வரும் நோயில் அறிகுறியை முதலில் மறைப்பவர் நோயாளியேதான். அடுத்து மனைவி. வயசு போகிறது, மறக்கத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒன்றிரண்டு வருடத்தைக் கடத்திவிடுவார்கள். இது எங்கள் ஆட்களிடம் இன்னும் கொஞ்சம் கூட, ஏனென்றால் மூளை சம்பந்தமான வருத்தம் என்றாலே வெளியில் சொல்லக் கூச்சம். என்னிடம் வரும்போது பாதிப்பேர் நடு நிலையைத் தாண்டியிருப்பார்கள். மூளைக்கு இரத்த ஓட்டம் குறைவதால் வரும் வாஸ்குலர் டிமென்ஷியா பல நேரம் மெதுவாக இறங்குவதும் இல்லை, படிப்படியாக விழும். சீனியும் பிரஷரும் உள்ளவருக்கு அது வரும் ஆபத்து கூட. உங்கள் அப்பாவைப் பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் நீங்கள் எழுதிய அந்த இரண்டு வருத்தத்தையும் வாசித்துவிட்டுச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நன்றாக இருக்கும்போது வைத்த கையெழுத்தை லேசில் கேள்வி கேட்க முடியாது என்பதையும் யோசியுங்கள். நோய் வந்த பிறகு வைத்தால், பிற்காலத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்த்து "அம்மாவுக்கு விளங்காத நேரத்தில் கையைப் பிடித்து வாங்கினாய்" என்று சொல்ல இடம் வந்துவிடும். கபாசிட்டி மதிப்பீடு எழுதித் தரச் சொல்லி இந்தச் சண்டைகளுக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன வீடுகள் உண்டு.

பழைய_ஈலிங்

சரி, நான் சும்மா எதிர்த்துப் பேசவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் மூத்தவனை நம்பி எழுதிக் கொடுத்தார். பிறகு சேமிப்பு எங்கே போனது என்று இளையவர்களுக்கே தெரியாது. அதிகாரம் என்பது அதிகாரம்தான். உயிரோடு இருக்கும்போதே சாவியைக் கொடுக்கச் சொல்கிறீர்கள். அதற்கு என்ன பதில்?

குறொய்டன்_அக்கா

அண்ணை, இது நியாயமான பயம். அப்படி நடப்பதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பதில் எழுதாமல் விடுவதல்ல, யாருக்கு எப்படி எழுதுவது என்று யோசிப்பது. எழுதாமல் விட்டால் பொல்லாத பிள்ளை சும்மா இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அப்பாவின் கார்டும் பின் நம்பரும் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராஜா, கேட்க ஆள் இல்லை.

எல்பிஏ இருந்தால் குறைந்தபட்சம் பதிவு இருக்கிறது. அட்டோர்னி, அதாவது அதிகாரம் பெற்றவர், தன் காசையும் அப்பாவின் காசையும் கலக்கக் கூடாது, கணக்கு வைத்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எல்பிஏக்களைப் பதியும் பப்ளிக் கார்டியன் அலுவலகத்துக்கு, ஓபிஜி என்பார்கள், யாரும் முறையிடலாம். அவர்கள் விசாரிப்பார்கள், கோர்ட் அவரை நீக்கவும் முடியும். எழுதிக் கொடுத்தவருக்குத் தெளிவு இருக்கும்வரை எந்த நேரமும் தானே ரத்துச் செய்யலாம். சாவியைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்பது இல்லை இது.

படிவத்திலேயே வேலி போடலாம். இரண்டு, மூன்று பேரைப் போடுங்கள். "வருடத்துக்கு ஒரு முறை கணக்கை இளைய மகளுக்குக் காட்ட வேண்டும்" என்று எழுதலாம். பதிவுக்கு அனுப்பும்போது தெரியப்படுத்த வேண்டியவர்கள் என்று ஐந்து பேர்வரை பெயர் கொடுக்கலாம், அட்டோர்னியாகப் போடாத சகோதரத்தின் பெயரை அங்கே போடுங்கள். பதிவாவதற்கு முன், ஆட்சேபணை வருகிறதா என்று பார்க்க நான்கு வாரக் காத்திருப்பு உண்டு.

சொத்து எல்பிஏயில் இன்னொரு கேள்வி வரும்: பதிவானதும் உங்கள் சம்மதத்தோடு பாவிக்கலாமா, அல்லது திறன் போன பிறகு மட்டுமா? பயந்தவர்கள் இரண்டாவதைத்தான் குத்துவார்கள். அதில் ஒரு சிரமம், ஒவ்வொரு இடத்திலும் "திறன் போய்விட்டது" என்று ஆதாரம் காட்ட வேண்டி வரும். முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து கட்டிலில் கிடக்கும்போது "மகன், நீயே பாங்க் அலுவலைப் பார்" என்று சொல்லவும் முடியாது. என் அபிப்பிராயம், நம்பிக்கையான ஆட்களைப் போட்டுவிட்டு முதலாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நம்பிக்கை இல்லாதவரை எந்த நிபந்தனையோடும் போடக் கூடாது.

உடல்நல எல்பிஏக்கு இந்தத் தெரிவே இல்லை. திறன் இருக்கும்வரை உங்கள் உடம்புக்கு நீங்கள்தான் எஜமான்.

ரீடிங்_கோவைக்காரன்

ஒரு சின்ன குறுக்கீடு. "இந்தியாவில் பவர் எழுதி வச்சாச்சு, அது போதும்" என்று என் வீட்டிலும் சொன்னார்கள், அதனால்தான். அங்கே சாதாரண பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தம் கலங்கினாலே செல்லாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு. தேவைப்படும் நேரம் பார்த்து பத்திரம் உயிரை விட்டுவிடும். கோமாவில் கிடக்கும் கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 2024இல் தன்னைப் பாதுகாவலராக நியமிக்க வைத்தார். கேரள உயர் நீதிமன்றம் 2019லேயே கோமா நோயாளிகளுக்காக வழிமுறை வகுத்தது, சட்டத்தில் அதற்கென்று வழி இல்லாததால்.

இங்கேயும் சாதாரண பவர் ஒஃப் அட்டோர்னி அப்படித்தான், திறன் போனால் அதுவும் போச்சு. இப்போது புதிதாக எழுதக்கூடியதில் எல்பிஏ மட்டும்தான் அதற்குப் பிறகும் நிற்கும். இவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள், நாம் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஹரோ_மூத்தவன்

இப்போது எனக்குத் தெளிவு. அப்படியென்றால் செய்முறை என்ன? சொலிசிட்டர் கட்டாயமா? அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் கதைக்க வரும், ஆனால் இப்படியான கடதாசி வாசித்து விளங்கும் அளவுக்கு இல்லை. அம்மா முழுக்கத் தமிழ்தான்.

வெம்பிளி_கணக்காளர்

சொலிசிட்டர் கட்டாயம் இல்லை. சிக்கலான குடும்பம், வியாபாரம், வெளிநாட்டுச் சொத்து இருந்தால் கொடுக்கும் காசுக்கு மதிப்பு உண்டு. சாதாரணக் குடும்பம் அரசாங்கத்தின் இணையதளத்திலேயே நிரப்பலாம். இணையத்தில் நிரப்பினாலும் அச்செடுத்துப் பேனையால்தான் கையெழுத்து வைக்க வேண்டும். என் பெற்றோருக்கும் மாமியாருக்கும் நானே செய்தேன்.

இரண்டு எல்பிஏ: ஒன்று சொத்தும் பணமும், மற்றது உடல்நலமும் பராமரிப்பும். வேறு வேறு படிவம், வேறு வேறு கட்டணம். 2025 நவம்பரில் ஒன்றுக்கு 82இல் இருந்து 92 பவுண் ஆக்கிவிட்டார்கள். ஒருவருக்கு இரண்டும் 184, அப்பா அம்மா இருவருக்கும் 368. வருட வருமானம் 12,000 பவுணுக்குக் குறைவு என்றால் பாதி, பென்ஷன் கிரெடிட் போன்ற சில உதவிப்பணம் எடுப்பவர்களுக்கு முழு விலக்குக் கிடைக்கலாம். வருமானம் அப்பா அம்மாவுடையதைத்தான் பார்ப்பார்கள், உங்களுடையதை அல்ல. நிறையப் பேர் இது தெரியாமல் முழுக் காசையும் கட்டிவிடுகிறார்கள்.

பிழை வருவது கையெழுத்தில். ஒழுங்கு இதுதான்: முதலில் கொடுப்பவர், அடுத்து சர்ட்டிபிகேட் புரொவைடர், அதற்குப் பிறகுதான் அட்டோர்னிகள். திகதி முன்பின்னாக மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உடல்நலப் படிவத்தில் உயிர் காக்கும் சிகிச்சை பற்றிய 5ஆம் பகுதியைக் கொடுப்பவர், தன் கையெழுத்துக்கான 9ஆம் பகுதிக்கு முன்போ அதே நேரத்திலோ ஒப்பமிட வேண்டும். கொடுப்பவரின் கையெழுத்துக்கு அட்டோர்னி சாட்சி நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடும்போது ஒரே மேசையில் முடித்துவிடுவோம் என்று நினைக்காதீர்கள், அந்த நேரத்தில்தான் ஒருவர் முந்திக் கையெழுத்து வைப்பார்.

சர்ட்டிபிகேட் புரொவைடர் என்பவர் "இவருக்கு விளங்குகிறது, யாரும் வற்புறுத்தவில்லை" என்று உறுதி கூறுபவர். உங்கள் அப்பாவை இரண்டு வருடமாவது நன்றாகத் தெரிந்த அயலவர், நண்பர், அல்லது ஜிபி (குடும்ப டொக்டர்), சொலிசிட்டர் போன்ற தகுதியுள்ள ஒருவர். குடும்பத்தினர் கூடாது, மருமக்களும் கூடாது. தமிழ் தெரிந்த குடும்ப நண்பரைப் பிடித்தால் மொழிப் பிரச்சினை பாதி தீர்ந்தது. அவர் அம்மாவோடு தனியாக உட்கார்ந்து தமிழிலேயே கேட்க வேண்டும்: இது என்ன பத்திரம், யாருக்கு என்ன அதிகாரம் கொடுக்கிறீர்கள், ஏன் அந்த ஆள்? நீங்கள் அறையில் இருக்கக் கூடாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றால் அதுவும் நீங்களாக இருக்கக் கூடாது. அம்மாவுக்கு உங்களைப் பிடிக்கும் என்பது வேறு விஷயம், பின்னால் கேள்வி வராமல் இருக்க வேண்டும்.

அனுப்பிய பிறகு பதிவாக 8 முதல் 10 வாரம் எடுக்கும். பதிவாகாத எல்பிஏயைப் பாவிக்க முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையெழுத்து வாங்கினாலும் அடுத்த இரண்டு மாதத்துக்கு வெறும் கடதாசிதான். சுகமாக இருக்கும்போதே செய்ய அதுவே போதுமான காரணம்.

ஹரோ_மூத்தவன்

அப்பாவுக்கு அம்மாவும் அம்மாவுக்கு அப்பாவும் அட்டோர்னி, இவ்வளவோடு விட்டுவிடலாமா? அப்பா சம்மதித்தால் இதற்குத்தான் சம்மதிப்பார். பிள்ளைகளைப் போட்டால் "வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறீர்கள்" என்பார்.

வெம்பிளி_கணக்காளர்

வேண்டாம். வீடு இருவர் பெயரிலும் இருப்பதாகச் சொன்னீர்கள். கூட்டாக உள்ள வீட்டை விற்றால் பணத்துக்கு ரசீது கொடுக்க இரண்டு பேர் வேண்டும். அப்பாவுக்குத் திறன் போய், அம்மா மட்டும் அவருடைய அட்டோர்னி என்றால், அம்மா தனக்கும் அப்பாவுக்குமாக இரண்டு தொப்பி போட முடியாது. வீட்டை விற்க வேறொருவரைக் கூட்டி வந்து நியமிக்க வேண்டி வரும். ஒரு பிள்ளையின் பெயரும் இருந்தால் இந்தத் தலையிடி இல்லை.

வயதும் பாருங்கள். 72 வயதுக்காரருக்கு 68 வயதுக்காரர் காவல். இருவருக்கும் ஒரே காலத்தில் முடியாமல் போகலாம். அம்மாவையும் ஒரு பிள்ளையையும் போட்டு, இன்னொரு பிள்ளையை மாற்று அட்டோர்னியாகப் போடுங்கள்.

"ஜொயின்ட்லி" என்று மட்டும் குத்தாதீர்கள். எல்லா முடிவும் எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டும் என்பது கேட்க நல்லாய்த்தான் இருக்கும், எங்கள் அப்பாமாருக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் மூவரில் ஒருவர் இறந்தாலோ முடியாமல் போனாலோ, மாற்று ஆள் இல்லாவிட்டால் பத்திரமே செத்துவிடும். "ஜொயின்ட்லி அன்ட் செவரலி" என்றால் சேர்ந்தும் செய்யலாம், தனியாகவும் செய்யலாம்.

நோர்விச்_மகள்

உடல்நல எல்பிஏ பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லை. என் அனுபவத்தில் அம்மாவுக்கு அதுதான் கூட உதவியது.

அம்மா இப்போது கெயார் ஹோமில், அதாவது பராமரிப்பு இல்லத்தில். நாங்கள் சைவம். மரக்கறி மட்டும், முட்டையும் இல்லை, வெள்ளிக்கிழமை குளித்துத் திருநீறு பூச வேண்டும், உடம்பு கழுவ ஆண் பராமரிப்பாளர் வரக் கூடாது. இதையெல்லாம் அம்மா தெளிவாக இருந்தபோது படிவத்தின் விருப்பங்கள் பகுதியில் தானே சொல்லி எழுத வைத்தார். விருப்பம் என்பது சட்டப்படி கட்டாயம் இல்லைதான், ஆனாலும் ஹோமில் மனேஜர் மாறும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தைக் காட்டினால் பேச்சே இல்லை. மகள் ஏதோ பிடிவாதம் பிடிக்கிறாள் என்று யாரும் நினைப்பதில்லை. அம்மாவின் வார்த்தை அங்கே இருக்கிறது.

விருப்பம் என்பதும் கட்டளை என்பதும் வேறு வேறு பெட்டி. கட்டளைப் பெட்டியில் எழுதினால் அட்டோர்னி கட்டாயம் பின்பற்ற வேண்டும். "என்னை ஒருபோதும் ஹோமில் விடக் கூடாது" என்று அங்கே எழுதி வைத்தால் பிறகு பிள்ளைகள் என்ன செய்வது? அந்தப் பெட்டியை முடிந்தால் வெறுமையாக விடுங்கள்.

அடுத்தது உயிர் காக்கும் சிகிச்சை. அட்டோர்னி அதற்குச் சம்மதிக்கவும் மறுக்கவும் வேண்டும் என்றால் அந்தத் தெரிவைத் தனியாகக் கொடுத்து ஒப்பமிட வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த முடிவு டொக்டர்மாரிடம் போகும். இதை அம்மாவிடம் கேட்கும்போது எனக்கு வாய் வரவில்லை. அவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் பதில் சொன்னார். பெற்றோரைவிடப் பிள்ளைகள்தான் இந்தப் பேச்சுக்குப் பயப்படுகிறோம் என்று நினைக்கிறேன்.

சீமெந்து_ராசன்

ஊரில் உள்ள தங்கச்சிக்கு நான் மாதா மாதம் காசு அனுப்புகிறேன். நான் விழுந்துவிட்டால் என் மகன் எல்பிஏ வைத்து அதைத் தொடர்ந்து அனுப்பலாமா?

குறொய்டன்_அக்கா

நல்ல கேள்வி, எங்கள் ஆட்களுக்குக் கட்டாயம் வரும் கேள்வி. அட்டோர்னி நினைத்தபடி அன்பளிப்புக் கொடுக்க முடியாது. பிறந்தநாள், கலியாணம் போன்ற வழமையான சந்தர்ப்பங்களில் குடும்பத்தினருக்கும் தெரிந்தவர்களுக்கும், நீங்கள் வழக்கமாகக் கொடுத்துவந்த தர்ம ஸ்தாபனங்களுக்கும், உங்கள் வசதிக்கு நியாயமான அளவில் கொடுக்கலாம். சாமத்தியவீட்டுக்கு ஒரு மோதிரம் போடுவது பிரச்சினை இல்லை. மாதா மாதம் ஒரு தொகை என்பது அதற்குள் அடங்காது. கோர்ட் ஒஃப் புரொடெக்ஷனிடம் அனுமதி கேட்க வேண்டி வரலாம். தங்கச்சி உங்கள் காசை நம்பித்தான் இருக்கிறார் என்றால் எழுதும்போதே ஒரு சொலிசிட்டரோடு கதையுங்கள். உங்கள் விஷயத்தில் இணையப் படிவம் மட்டும் காணாது.

பழைய_ஈலிங்

சொலிசிட்டருக்குக் காசு போகும் என்று நான் முதலே சொன்னேன்.

(பகிடி. வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

கிளாஸ்கோ_தமிழ்

ஸ்கொட்லாந்தில் உள்ளவர்கள் கவனிக்க: மேலே சொன்ன படிவம், கட்டணம் எதுவும் எங்களுக்குப் பொருந்தாது. இங்கே 2000ஆம் ஆண்டின் தனிச் சட்டம், பெயரும் வேறு, பதிவு ஃபோல்கேர்க்கில் உள்ள ஸ்கொட்லாந்தின் சொந்த ஓபிஜியில். அடிப்படை மட்டும் ஒன்று: திறன் இருக்கும்போதே எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற_ஜிபி

ஹரோ தம்பி, உங்கள் அப்பாவிடம் எப்படிக் கதைப்பது என்பதற்கு ஒரு யோசனை. நீங்கள் மூத்தவன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், நாற்பது வயது இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதிவிட்டீர்களா? 18 வயதுக்கு மேல் யாரும் எழுதலாம். மோட்டார்வேயில் நடக்கும் விபத்துக்கு வயசு கிடையாது. மோர்ட்கேஜும் சின்னப் பிள்ளைகளும் உள்ள நாற்பது வயதுக்காரர் விழுந்தால் குடும்பம் படும் பாடு, வீட்டுக் கடன் முடித்த 72 வயதுக்காரர் விழுவதைவிடப் பெரிது.

உங்கள் எல்பிஏயை முதலில் எழுதுங்கள். மனைவியையும் தங்கையையும் அட்டோர்னியாகப் போடுங்கள். அந்தப் படிவத்தை அப்பாவிடம் கொண்டுபோய் ஆலோசனை கேளுங்கள், மாற்று ஆளாக யாரைப் போடலாம் என்று. ஆலோசனை கேட்டால் எங்கள் தலைமுறை எழும்பிப் போகாது. அவர் அந்தப் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து உங்களுக்குப் பிழை சொல்வார். அப்புறம் தன்னுடையதைத் தானே கேட்பார், அல்லது கேட்கமாட்டார். கேட்காவிட்டாலும் உங்களுடையது முடிந்திருக்கும்.

கட்டாயப்படுத்த மட்டும் வேண்டாம். எழுத மறுப்பதும் அவருடைய உரிமைதான். தவறான முடிவு எடுக்கிறார் என்பதற்காக ஒருவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்று அதே சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது.

ஹரோ_மூத்தவன்

நாற்பத்தொன்று டொக்டர். எழுதவில்லை. மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன், "உங்கள் தங்கையைப் போடுவதற்கு முதல் என் அண்ணாவைப் பற்றி யோசித்தீர்களா" என்று கேட்டார். ஆக எங்கள் வீட்டில் விவாதம் தொடங்கிவிட்டது.

ஊர்க் காணிக்கு இது செல்லுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கோ.

வெம்பிளி_கணக்காளர்

இங்கே பதிந்த எல்பிஏயைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் காணி விற்க முடியும் என்று நினைக்காதீர்கள். அந்த ஊர்ச் சட்டப்படி தனியாக அற்றோணித் தத்துவம், அதாவது அங்குள்ள பவர் பத்திரம், எழுத வேண்டும், காணி உறுதியைக் காட்டி அங்குள்ள சட்டத்தரணியிடம் கேளுங்கள். அதற்கும் அப்பா தெளிவாக இருந்து கையெழுத்து வைக்க வேண்டும். காணியை வைத்திருப்பதா, பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதுவதா என்று அவரே இப்போது முடிவெடுத்துவிட்டால் இன்னும் சுலபம்.

நோர்விச்_மகள்

மனைவியின் அண்ணாவையும் போடலாமே, நாலு பேர்வரை அந்தப் படிவத்திலேயே இடம் இருக்கிறது.

சவுத்ஹோல்_பாட்டி

பிள்ளைகளே, நான் 2004இலோ 2005இலோ வேறொரு பவர் எழுதி வைத்திருக்கிறேன், என்டியூரிங் என்று தலைப்பு. அது இன்னும் செல்லுமா, இல்லை புதிதாக எழுத வேண்டுமா? எனக்கு 79.

குறொய்டன்_அக்கா

அம்மா, 2007 ஒக்டோபருக்கு முன் ஒழுங்காகக் கையெழுத்தானது என்றால் செல்லும். ஆனால் அது காசு, சொத்து விஷயத்துக்கு மட்டும், உடல்நலத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெளிவு குறையத் தொடங்கும்போது அட்டோர்னி அதை ஓபிஜியில் பதிய வேண்டும். அதில் யாருடைய பெயர் போட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துப் பாருங்கோ. அவர் உயிரோடு, சுகமாக, இந்த நாட்டில் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு உடல்நல எல்பிஏ மட்டும் புதிதாக எழுதலாம். இருபது வருடத்துக்கு முன் போட்ட பெயர் என்பதால், அநேகமாக இரண்டையும் புதிதாக எழுதுவதுதான் நல்லது. எழுத உதவி வேண்டும் என்றால் தனிமடல் போடுங்கோ, சனிக்கிழமை சவுத்ஹோல் பக்கம்தான் வருகிறேன்.